மயிலாப்பூரில் விளக்கேற்றிய பக்கிரி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அரிக்கமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்தில் ஏதோ புராஜெக்ட். நெல்லித்தோப்பிலிருந்து வண்டியில் கொஞ்ச தூரம்தான். மாந்தோப்பு, ஆற்றங்கரை, கம்பிவேலி. உள்ளே ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் சுவர்கள் மட்டும் நிற்கும். போகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால்தான் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், "ரோமானியர் கட்டினது" என்று தலைப்புப் போட்டு.

அது ரோமானியர் கட்டினது இல்லை. 1770-களில் பாரீஸ் வேதபோதகச் சபையின் பாதிரிமார்கள் நடத்திய குருமடத்தின் மிச்சம். கொச்சின்சீனாவில் இருந்த அவர்களுடைய குருமடம் அழிந்த பிறகு, அதை வீராம்பட்டினம் பக்கம் கொண்டுவந்தார்கள். அதை நடத்தியவர் பிஞ்ஞோ தெ பெஹேன். பின்னாளில் வியட்நாம் அரசியலில் பெரிய ஆளாக ஆன அதே பிஷப். மார்ட்டிமர் வீலர் 1945-ல் தோண்டி எடுத்த ரோமானிய வணிகச் சுவடுகள் எல்லாம் மண்ணுக்கு அடியில் இருந்தவை. மேலே நிற்பது வேறு கதை.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது மகள் நடுவில் கேட்டாள்: "சரிப்பா, இத இப்ப யாரு பாத்துக்கறாங்க?"

தொல்லியல் துறை என்று சொன்னேன். "அது போர்டுல இருக்கு. நெஜமா யாரு?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. நான் வேலை பார்ப்பது சாப்ட்வேர் துறையில். ஒரு சிஸ்டத்தைக் கட்டினவன் ஒருத்தன், பதினைந்து வருஷம் அதை ஓடவைக்கிறவன் வேறொருத்தன் என்பது எங்களுக்குத் தினசரி அனுபவம். கட்டினவன் பெயர் முதல் பக்கத்தில் இருக்கும். ஓடவைத்தவன் பெயர் எங்கேயும் இருக்காது. பாழாய்ப்போன ஒரு கோவிலுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றியது. நம்ம பக்கத்தில் இடைக்காலத்துத் தேவாலயம் ஒன்று இடிந்து கிடந்தபோது அதை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடல் போய் நின்ற இடம் சென்னை மயிலாப்பூர், சாந்தோம்.

பாண்டிச்சேரிக்காரனுக்கு சாந்தோம் அந்நிய ஊர் இல்லை. 1672-ல் பிரெஞ்சுக்காரர்கள் சாந்தோமைப் பிடித்தார்கள். டச்சுக்காரர்களும் கோல்கொண்டா படையும் சேர்ந்து நெருக்கி, 1674-ல் அவர்களை வெளியேற்றினார்கள். அதே காலகட்டத்தில்தான் பிரான்சுவா மர்த்தேன் பாண்டிச்சேரியில் கால் ஊன்றினார். சாந்தோம் கையைவிட்டுப் போகாமல் இருந்திருந்தால் நம்ம ஊர் ஒரு பெரிய மீனவ கிராமமாகவே இருந்திருக்கலாம். இன்னொரு முடிச்சும் உண்டு. அரிக்கமேட்டுக் குருமடத்தின் அந்த பிஞ்ஞோ தெ பெஹேன், 1774-ல் ஆயராக அபிஷேகம் பெற்றது சாந்தோமில்தான்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்போஸ்தலர் தோமா இந்தியாவுக்கு வந்தாரா, மயிலாப்பூரில் இறந்தாரா என்பது பெரிய விவாதம். நம்புகிறவர்களும் உண்டு, மறுக்கிறவர்களும் உண்டு. இந்தக் கட்டுரை அதற்குள் போகவில்லை. 13-ஆம் நூற்றாண்டிலிருந்து மயிலாப்பூர்க் கடற்கரையில் தோமாவின் பெயரால் ஒரு கோவில் இருந்ததை வெவ்வேறு நாட்டுப் பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி.

தென்னை மரங்கள்

மார்க்கோ போலோ 1290-களின் தொடக்கத்தில் நம்ம கடற்கரை வழியாகப் போனார். அப்போது இது பாண்டியர் ஆட்சி. தோமாவின் கல்லறை இருந்த ஊரைச் சின்ன ஊர் என்கிறார். வியாபாரத்துக்குப் பெரிய சரக்கு இல்லாததால் வணிகர்கள் அதிகம் வருவதில்லையாம். ஆனால் யாத்திரைக்காரர்கள் வருகிறார்கள். கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லை, முஸ்லிம்களும் அந்த இடத்தைப் புனிதமாக மதித்து வருகிறார்கள் என்று தெளிவாக எழுதுகிறார். அங்கே கிடைக்கும் செம்மண்ணை எடுத்துப்போய்த் தண்ணீரில் கலந்து காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பார்களாம். திருநீறு, தர்கா தீர்த்தம் எல்லாம் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எனக்கு அதில் பிடித்தது வேறொரு சின்னத் தகவல். கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கிறிஸ்தவர்களுக்கு நிறையத் தென்னை மரங்கள் இருந்தன, அதுதான் அவர்கள் பிழைப்பு என்கிறார் போலோ. ஒவ்வொரு மரத்துக்கும் அரசனுக்கு ஆறு காசு வரி கட்டினார்களாம். மாதாமாதம் என்று பிரதியில் இருக்கிறது. தென்னை வைத்திருக்கிற யாரும் அதை நம்பமாட்டார்கள், வருஷத்துக்கு என்றுதான் இருக்கவேண்டும். எப்படியானாலும் விஷயம் புரிகிறது. இது ஒரு ஏற்பாடு. தேங்காய் வித்த காசில் வரி போக மிஞ்சுவதில் கோவிலும் அதைக் கவனிப்பவர்களும் ஓடவேண்டும். எங்கள் துறையில் இதை ஏ.எம்.சி. என்போம், வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்.

1288-ல் நடந்ததாக ஒரு கதையையும் போலோ சொல்கிறார். உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் தன் தானியத்தைக் கோவிலைச் சுற்றியிருந்த வீடுகளில் எல்லாம் கொட்டி வைத்துவிட்டார். யாத்திரைக்காரர்களுக்குத் தங்க இடமில்லை. காவல்காரர்கள் கெஞ்சியும் அவர் கேட்கவில்லை. இரவில் தோமாவே கனவில் வந்து மிரட்டிய பிறகு அலறியடித்துக்கொண்டு காலி செய்தாராம். அற்புதத்தை நம்புவது உங்கள் விருப்பம். ஆனால் கோவிலுக்கென்று வீடுகள் இருந்தன, வருகிறவர்கள் அவற்றில் தங்கினார்கள், பலம் உள்ளவன் வந்து ஆக்கிரமித்தால் தடுக்க முடியாத எளிய மனிதர்கள்தான் அவற்றைப் பார்த்துக்கொண்டார்கள் என்ற மூன்று விஷயங்கள் கதைக்குள் இருக்கின்றன.

பதினைந்து வீடுகள், பிறகு ஆயிரம் பேர்

முப்பது வருடம் கழித்து, 1320-களில், ஓதோரிக் என்ற இத்தாலியத் துறவி வருகிறார். கோவிலை ஒட்டி நெஸ்தோரியர்களின் வீடுகள் பதினைந்து இருந்தன என்கிறார். நெஸ்தோரியர் என்றால் பாரசீகத் திருச்சபையைச் சேர்ந்த, சுரியானி மொழியில் வழிபடும் கிறிஸ்தவர்கள். ரோமிலிருந்து வந்தவருக்கு அவர்களைப் பிடிக்கவில்லை, திட்டிவிட்டுத்தான் போகிறார். கோவிலுக்குள் சிலைகள் நிறைய இருந்தன என்றும் குறைபட்டுக்கொள்கிறார். அவர் குறையாகச் சொன்னது எனக்குத் தகவலாகத் தெரிகிறது. அந்தக் கூரையின் கீழ் ஒரு கூட்டம் மட்டும் கும்பிடவில்லை போலிருக்கிறது.

இன்னும் நூறு வருடம் கழித்து நிக்கோலோ கோந்தி வருகிறார், 15-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. பெரிய, அழகான கோவில் என்கிறார். ஊரில் ஆயிரம் நெஸ்தோரியர்கள் இருந்ததாகவும் எழுதுகிறார். பதினைந்து வீடுகளிலிருந்து ஆயிரம் பேர் என்பது நல்ல வளர்ச்சிதான். ஆனால் அதற்குப் பிறகு ஏதோ நடந்திருக்கிறது. வியாபாரம் இடம் மாறியதோ, பஞ்சமோ, போரோ, ஆட்கள் கலைந்துபோனார்கள். அது எனக்குத் தெரியவந்தது 1504-ல் எழுதப்பட்ட ஒரு கடிதத்தின் மூலமாக.

அந்தக் கடிதத்தை எழுதியவர்கள் கேரளத்துக்கு வந்திருந்த சுரியானி ஆயர்கள். மேற்காசியாவில் இருந்த தங்கள் தலைமைக்கு அனுப்பிய நிலவர அறிக்கை அது. பெரும்பகுதி, புதிதாக வந்திறங்கிய போர்த்துக்கீசியர்களைப் பற்றியது. நடுவில் ஒரு வரி: மார் தோமாவின் வீடுகளில் சில கிறிஸ்தவர்கள் மறுபடியும் குடியேறத் தொடங்கியிருக்கிறார்கள், பழுதுபார்க்கும் வேலையைக் கவனிக்கிறார்கள், அந்த இடம் மயிலாப்பூர், நம் ஆட்கள் இருக்கும் இடத்திலிருந்து சுமார் இருபத்தைந்து நாள் பயணம்.

இருபத்தைந்து நாள்! மலை தாண்டி, காடு தாண்டி, விஜயநகரத்து ஆட்சிப் பகுதிக்குள் நடந்து வந்து, இடிந்த சுவருக்குச் சாந்து பூச ஆரம்பித்திருக்கிறார்கள். ஊரில் அவர்களுக்குச் சொந்தம் இல்லை, பலம் இல்லை. பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. சில கிறிஸ்தவர்கள், அவ்வளவுதான்.

விளக்கு

அந்த முயற்சி நிற்கவில்லை என்று தோன்றுகிறது. சுமார் 1516-ல் துவார்த்தே பர்போசா என்ற போர்த்துக்கீசிய அலுவலர் தன் நூலை எழுதி முடிக்கிறார். கண்ணூரில் வேலை பார்த்தவர், மலையாளம் நன்றாகத் தெரிந்தவர். மயிலாப்பூர்க் கோவில் சிதைந்து கிடக்கிறது, சுற்றிலும் புதர் மண்டிவிட்டது என்கிறார். சிலுவைகளும் மயில் உருவங்களும் மட்டும் மிச்சம். கிறிஸ்தவர் யாரும் அருகில் இல்லை. ஏழை முஸ்லிம் பக்கிரி ஒருவர் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறார். பிச்சை எடுத்து வருகிற காசில் எண்ணெய் வாங்கி இரவில் விளக்கு எரிக்கிறார். மிச்சத்தில் வயிறு வளர்க்கிறார்.

இந்தப் பத்தியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இருநூறு வருடங்களுக்கு முன்னால் மார்க்கோ போலோ சொன்னது ஞாபகம் வந்தது: முஸ்லிம்களும் இந்த இடத்துக்கு யாத்திரை வருகிறார்கள். அந்த மரபின் கடைசிக் கண்ணிதான் இந்தப் பக்கிரி. ஆயிரம் பேர் இருந்த சபை கலைந்துபோனது. பழுதுபார்க்க வந்தவர்களாலும் தொடர முடியவில்லை. வேறு மதத்து மனிதர் ஒருவர் மட்டும் எண்ணெய்க்குக் கையேந்திக்கொண்டிருந்தார். பர்போசா அவர் பெயரைக் கேட்டு எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

இது ஏதோ ஒரு தனிமனிதரின் நல்ல மனசு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நம்ம பக்கத்தில் இதற்குச் சட்டப்படியே ஒரு முன்மாதிரி உண்டு. கி.பி. 849-ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு. மார் சபிர் ஈசோ என்பவர் கட்டிய தேவாலயத்துக்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் கொடுத்த கொடை ஆவணம். வட்டெழுத்தில் எழுதியது, நிதானமாக வாசித்தால் தமிழனுக்கும் பாதி புரியும். அதில் பள்ளியையும் அதன் நிலத்தையும் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. சாட்சிக் கையெழுத்துகள் மூன்று வகை எழுத்தில் இருக்கின்றன: அரபி, பாரசீகத்தின் பழைய பஹ்லவி, எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகம். அதாவது முஸ்லிமும், பாரசீகத்தவரும், யூதரும் சேர்ந்து ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்குச் சாட்சி நிற்கிறார்கள்.

உலகத்தில் வேறு இடங்களிலும் இப்படி உண்டு. ஜெருசலேமில் இயேசுவின் கல்லறைக் கோவில் சாவி இன்றைக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்திடம் இருக்கிறது. கதவைத் திறந்துவிடும் உரிமை இன்னொரு முஸ்லிம் குடும்பத்துக்கு. கிறிஸ்தவப் பிரிவுகள் ஒன்றை ஒன்று நம்பாததால் அந்த ஏற்பாடு இத்தனை நூற்றாண்டு தாங்கி நிற்கிறது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

காப்பாற்ற வந்தவர்கள்

1517-ல் ஆர்மீனிய வணிகர்களோடு சில போர்த்துக்கீசியர்கள் மயிலாப்பூருக்கு வந்து இடிபாட்டைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரான தியோகோ பெர்னாண்டஸ் பின்னாளில், 1533-ல், இதைப் பற்றிச் சாட்சியம் கொடுத்திருக்கிறார். 1520-களின் தொடக்கத்தில் கோவா நிர்வாகம் ஆள் அனுப்பியது. கல்லறையைத் தோண்டினார்கள். எலும்புகள் கிடைத்தன. அந்த இடத்தில் புதுக் கோவில் எழுந்தது. சுற்றி ஒரு போர்த்துக்கீசிய நகரமே வளர்ந்தது. 1606-ல் அது மறைமாவட்டத்தின் தலைமைக் கோவிலானது. பிறகு அதையும் இடித்துவிட்டு, 1890-களில் இன்று நாம் பார்க்கும் வெள்ளைக் கோபுரக் கோவிலைக் கட்டினார்கள். 1896-ல் அர்ச்சிக்கப்பட்டது.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவர்களுக்கு அது உயிருள்ள கோவில், மியூசியம் இல்லை. கூட்டம் பெருகும்போது கட்டடமும் பெருகும். நம்ம ஊரில் கும்பாபிஷேகம் என்ற பெயரில் சோழர் கல்லுக்கு மேல் டைல்ஸ் ஒட்டுவதையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? ஆனால் கணக்கு என்று பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. ஒரு பைசா வசதி இல்லாத பக்கிரியின் காலத்தில் இடைக்காலக் கோவிலின் சுவரும் மயிலும் சிலுவையும் அங்கே இருந்தன. பேரரசு வந்து காப்பாற்றிய பிறகு அவை இல்லை.

சாந்தோமின் பழைய கற்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்த வளாகத்தில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டும் கிடைத்திருக்கிறது. விக்கிரம சோழன் காலத்தது, 12-ஆம் நூற்றாண்டு. கூத்தாடும் தேவர் திருமுன் இரவில் விளக்கெரிக்கக் கொடுத்த இறையிலிக் கொடை அது. கடற்கரையில் ஒரு சிவன் கோவில் இருந்ததையும், அதன் கல் இங்கே வந்து சேர்ந்ததையும் அது காட்டுகிறது. இதை வைத்து இணையத்தில் நடக்கும் சண்டை உங்களுக்குத் தெரியும். நான் அந்தக் கல்லில் பார்ப்பது இதைத்தான்: யாரோ ஒருவர் தேவருக்கு ராத்திரி விளக்கு அணையக் கூடாது என்று நிலத்தின் வருமானத்தை எழுதி வைத்தார். நானூறு வருடம் கழித்து அதே கரையில் இன்னொருவர் இன்னொரு கோவிலில் அதே ராத்திரி விளக்குக்காகப் பிச்சை எடுத்தார். ஒன்றின் பெயரால் மற்றதை அழிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு பேரில் யாருக்கும் வாரிசு இல்லை.

மிஞ்சியவை

அப்படியானால் இடைக்காலத்திலிருந்து எதுவுமே மிஞ்சவில்லையா? மிஞ்சியிருக்கிறது. 1547-ல் பரங்கிமலையில் அடித்தளம் தோண்டும்போது ஒரு கற்சிலுவை கிடைத்தது. சுற்றிலும் பஹ்லவி எழுத்து. போர்த்துக்கீசியர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தையது. இதே மாதிரிச் சிலுவைகள் கோட்டயம் வலியபள்ளியிலும் இருக்கின்றன. பரங்கிமலைச் சிலுவையைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டாமல் பீடத்திலேயே பதித்து வைத்தார்கள். இன்றும் அதன் முன்னால் மண்டியிடுகிறார்கள்.

கட்டடமாகவே பார்க்கவேண்டுமென்றால் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் திருவிதாங்கோட்டுக்குப் போங்கள். ஊர்க்காரர்கள் தோமையார் கோவில் என்பார்கள், அரைப்பள்ளி என்றும் பெயர். கி.பி. 63-ல் தோமாவே கட்டினார் என்பது ஊர் மரபு. அதை விட்டுவிட்டுக் கட்டடத்தை மட்டும் பாருங்கள். கருங்கல், தாழ்ந்த கூரை, உள்ளூர்க் கோவிலின் மண்டபத்துக்குள் நுழைகிற உணர்வு. முன்னால் இருக்கும் பகுதிகள் பிற்காலத்தில் சேர்த்தவை. இடம் போதவில்லை என்றபோது பழையதை இடிக்காமல் முன்பக்கம் நீட்டிக்கொண்டார்கள். நான் போயிருந்தபோது பெரியவர் ஒருவர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். "எத்தனை வருஷமா ஐயா?" என்று கேட்டேன். "நான் வந்தப்பவும் யாரோ பெருக்கிட்டுத்தான் இருந்தாங்க" என்றார்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கிற முடிவு இதுதான். கொல்லத்தில் பள்ளி போய்விட்டது, செப்பேடு இருக்கிறது, ஏனென்றால் சுரியானிக் கிறிஸ்தவர்கள் அதைப் பொக்கிஷம் மாதிரிக் கைமாற்றி வந்தார்கள். மயிலாப்பூரில் சபையே கலைந்தபோதும் இடம் மறக்கப்படவில்லை, ஏனென்றால் ஒருவர் ராத்திரி விளக்கேற்றினார். திருவிதாங்கோட்டில் கட்டடமே நிற்கிறது, ஏனென்றால் யாரோ பெருக்கிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த மூன்று இடத்திலும் பெரிய திட்டம் எதுவும் இல்லை. தினமும் செய்யவேண்டிய ஒரு சின்ன வேலை இருந்தது, அதை ஒருவர் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டார். அவர் எந்த மதம் என்பது இரண்டாம் பட்சமாகத்தான் இருந்திருக்கிறது.

போன வாரம் மறுபடியும் அரிக்கமேட்டுக்குப் போனேன், இந்த முறை தனியாக. குருமடச் சுவரின் ஒரு பொந்திலிருந்து அரசங்கன்று முளைத்திருந்தது. இப்போது விரல் அளவு. விட்டால் பத்து வருடத்தில் சுவரைப் பிளந்துவிடும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் நாமே கைவைக்கக் கூடாது என்பது சட்டம், அது சரியான சட்டமும்கூட. அங்கே இருந்த காவலாளியிடம் காட்டினேன். "இது முளைச்சிருச்சா? போன மாசந்தான் ஒண்ணு எடுத்தோம் சார், ஆபீஸ்ல சொல்லி ஆள் கூப்பிடறேன்" என்றார்.

மகளின் கேள்விக்கு எனக்குக் கொஞ்சம் தாமதமாகப் பதில் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். "அவர் பேர் என்னப்பா?" என்றாள்.

கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தேன். அவளிடம் சொன்னேன். அவள் புராஜெக்ட் நோட்டில் எழுதிக்கொண்டாள்.